உன் திங்கட்கிழமைக் கேள்வி

உன் நீலக் கோட்டு என் மடியில் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து நாட்றம்பள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பேருந்தில் கூட்டம் கம்மி. கோட்டைப் போட்ட பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கிப் பிடித்திருக்கிறேன். அப்படியும் வாசனை வெளியே வந்துவிடுகிறது. தோல், பசை, அதற்கு மேல் துணி சோப்பு. பக்கத்து இருக்கை அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. நம் பக்கத்துக்காரர்தானே. "கம்பெனியிலயா வேலை?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. என் தோஸ்த்து செஞ்சினு இருந்தா."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் கம்பெனித் துணிக்கென்று ஒரு சிவப்பு பக்கெட் தனியாக உண்டு. உன் அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வரமாட்டார். சந்து வழியாகப் பின்பக்கம் போய், குளித்து, புடவை மாற்றி, கழற்றியதைச் சிவப்பு பக்கெட்டில் போட்டு மூடிய பிறகுதான் உன்னைத் தொடுவார். உன் பள்ளிச் சீருடை அந்தப் பக்கெட்டின் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. ஒருமுறை நான் தெரியாமல் உன் தாவணியை அதன் மேல் வைத்துவிட்டு வாங்கிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஸ்கூல்ல பசங்க மூஞ்சிய சுளிச்சா யாரு பதில் சொல்றது?"

திங்கட்கிழமைகளில் அவர் திட்டு இன்னும் ஜாஸ்தி. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டதும் டிரைவரில் தொடங்கி, பஸ்ஸைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் எல்லோருக்கும் விழும். உன் கேள்வி அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த அந்தக் கோடை முழுவதும் எல்லோரையும் நீ ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய். "திங்கக்கெழம காலைல எழுந்து அங்க போவத் தோணுமா?"

அந்தக் கண்ணாடிக் கல்லூரியைப் பார்க்கப் போனது நினைவிருக்கிறதா? வேலூர் போகிற வழியில், வாசலில் நீரூற்று வைத்த கல்லூரி. உன் அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். உன் மாமா வாடகைக் கார் பிடித்துவந்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பினோம், தட்டும் வெற்றிலையும்தான் குறை. அங்கே நமக்கு ஜூஸ் கொடுத்தார்கள். சாப்பாடு எப்படி, ஹாஸ்டலில் வெந்நீர் வருமா, படித்ததும் வேலை வாங்கித் தருவார்களா என்று மாமா வரிசையாகக் கேட்டார். உன் அம்மா எதுவும் கேட்கவில்லை. ஏசி லேபில் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"பாத்தியா? நாத்தமே இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், இங்கதான். முடிஞ்சிடுச்சு."

நீயோ நமக்குச் சுற்றிக்காட்ட வந்த மாணவியை ஓரங்கட்டி உன் கேள்வியைக் கேட்டாய். அவள் உன் மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சனிக்கெழம சாயந்தரம் நல்லா இருக்கும்" என்றாள். காரில் திரும்பும்போது நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அடுத்த வாரம் நீ என்னை இழுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினாய். திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் ஏறினாய். தோல் தொழில்நுட்பம் சொல்லித் தருகிற கல்லூரி. நீரூற்று இல்லை, ஜூஸ் இல்லை, நம்மை யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை. ஒரு பழைய கூடத்தில் நாலைந்து பேர் கால் வடிவ மர அச்சின்மேல் காகிதம் ஒட்டிச் செருப்பு வரைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பசி. சாப்பிடப் போகலாம் என்றால் "தோ, வர்றேன்" என்பாய், நகரமாட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அம்மாவுக்கு யார் சொல்வது என்பதுதான் பாக்கி.

நீயே சொன்னாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். உன் அம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நான் முதுகு ஒடிய ஷூ தைக்கறது இன்னாத்துக்கு? நீ அந்த கேட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னுதானே? ஊர்ல கேப்பாங்க, படிச்சும் தோலுக்கே போய்ட்டாளான்னு."

"நீ தைக்கற ஷூவ எங்கியோ இருக்கறவன் வரையறான்மா. அத நான் வரையறேன்னு சொல்றேன்."

"எத வரைஞ்சாலும் நாத்தம் ஒண்ணுதான்."

அதன்பிறகு அவர் உன்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவார், தலை வாரிவிடுவார், பேச்சு மட்டும் இல்லை. நீ என் வீட்டுக்கு வந்து அழுதாய். கண்ணாடிக் கல்லூரியையே முதலில் போட்டுவிடலாமா என்று கேட்டாய். நான் உன் கேள்வியை உன்னிடமே திருப்பிக் கேட்டேன். "சும்மா இருடி" என்றாய்.

கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யக் கடைசி நாள். பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய், நான் பின்னால் நின்றேன். தோலை முதலில் போடுவாய், அழிப்பாய், மறுபடி போடுவாய். கடைக்காரர் நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உன் அம்மாவைப் பார்த்தோம். கம்பெனிப் புடவையிலேயே இருந்தார். அந்தத் துணியோடு அவர் ஒரு கடை வாசலில் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. "ஏசி ரூமு, வேணாம், நாத்தம் வரும்" என்று கதவுக்கு வெளியிலேயே நின்றார். நாம்தான் வெளியே போனோம்.

"எத மொதல்ல போட்ட?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "தோலு."

தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பிடியே இருக்கட்டும். இத்தினி வருசமா திங்கக்கெழம ஆனா திட்டிக்கினேதான் பஸ் ஏறறேன். நீயாச்சும் திட்டாம ஏறு." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "ஆனா ஒண்ணு. லீவுக்கு வரும்போது பின்பக்கமா வா. மாத்திக்கினுதான் உள்ள வரணும்."

என் கதை இவ்வளவு பெரியது இல்லை. என் மதிப்பெண்ணுக்கு இன்ஜினியரிங்தான் என்று வீட்டில் சொன்னார்கள். நான் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் கணக்கு வகுப்பில், முன்பின் தெரியாதவர்களோடு, ஒரு திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தேன். "கணக்கு படிச்சு இன்னா பண்ணப் போற?" என்றார் அப்பா. மறுநாளும் போகத் தோன்றுகிறது என்றேன். அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போது நாட்றம்பள்ளியில் அதே கணக்கைச் சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

தீபாவளி லீவுக்கு நீ வந்த நாள். சொன்ன சொல் தவறாமல் சந்து வழியாக வந்தாய். குளித்து முடித்து, கல்லூரிப் பட்டறையில் போடும் அந்த நீலக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய். உன் அம்மா அதை வாங்கினார், உதறினார், காலரை மட்டும் முகர்ந்து பார்த்தார். பிறகு சிவப்பு பக்கெட்டின் மூடியைத் திறந்து, தன் புடவையோடு சேர்த்துப் போட்டு மூடினார். "அடுப்புல குழம்பு இருக்குது, போட்டுக்கினு சாப்புடுங்க" என்று உள்ளே போய்விட்டார். நீ என்னைப் பார்த்தாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை.

படித்து முடித்து நம் ஊரிலேயே டிசைன் அறையில் வேலைக்குச் சேர்ந்தாய். நீ வரைந்த ஒரு ஷூ உன் அம்மாவின் லைனுக்கே தைக்கப் போனது. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி அவர், "எவ வரைஞ்சாளோ தெரில, அந்த வளைவ தைக்கறதுக்குள்ள ஒரே பேஜார்" என்றாராம். போனில் அதைச் சொல்லி எப்படிச் சிரித்தாய்! போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் பார்க்க வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

இன்று மத்தியானம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இன்னும் கம்பெனிக்குப் போகிறார். பின்பக்கக் கொடியில் அவருடைய புடவையும் அதன் பக்கத்தில் உன் கோட்டும் காய்ந்துகொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்து மடித்துப் பையில் போட்டு என் கையில் திணித்தார்.

"எடுத்துக்கினு போயிடு கண்ணு. என் துணிய தொவைக்கறப்பல்லாம் கை தானா இதையும் எடுத்துப் போட்டுடுது. யாரும் போடாத துணி, தினம் தொவைச்சா தாங்குமா? வாசன போய்க்கினே இருக்குது." கொடியில் காலியான இடத்துக்குத் தன் புடவையை இழுத்துப் பரப்பிவிட்டு, "உங்கிட்டனா இருக்கும். நீ தொவைக்காத" என்றார்.

துவைக்கமாட்டேன். பேருந்து வாணியம்பாடி தாண்டிவிட்டது. பையின் வாயை இன்னும் இறுக்கி முறுக்கியிருக்கிறேன். நாளை திங்கட்கிழமை, முதல் வகுப்பே எனக்குத்தான். எழுந்து போகத் தோன்றுமா என்று கேட்டுப் பார்த்தேன். தோன்றுகிறதுடி.