எல்லா மலையும் ஒரே மலை

அன்புத் தென்றலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், மலையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சைக்கிளும் சௌக்கியமா. தினம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்லப் பார்த்தேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து பேச்சு நின்றுபோனது. நீ அந்தப் பக்கம், "என்னம்மா ஆச்சு, அழறியா"னு பதறினாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் சிரித்தால் யாரும் பதற மாட்டார்கள். பருப்புப் பொடி, உன் பழைய ஸ்வெட்டர், இவற்றோடு ஒரு நீளமான குழாய் வந்திருக்கும். அதைக் கடைசியில் பிரி. பிரித்துவிட்டாய் அல்லவா. தெரியும்.

நம் பள்ளிக்கூடத்தின் முதல் பாடவேளை உனக்கு மறந்திருக்காது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒரு வகுப்பில், மற்ற பிள்ளைகள் நன்னெறிக்கு இன்னொரு வகுப்பில். நீ நன்னெறியில் உட்கார்ந்து மறைக்கல்விப் பாட்டை முணுமுணுப்பாய். இந்த ஆண்டு மறைக்கல்வியைப் பார்த்துக்கொள்பவர் சிஸ்டர் ஜெயசீலி. போளூர்ப் பக்கத்துப் பெண், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். வந்ததும் அலமாரியைத் திறந்து பழைய படஅட்டைகளை வெளியே எடுத்தார். எந்த நாட்டில் அச்சடித்ததோ. பனி மூடிய ஊசி மரங்கள். நீலக் கண்கள். ஆடு என்று வெள்ளையாக, பஞ்சுப் பொதி மாதிரி ஒன்று. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சிஸ்டர், இது ஆடா பொமேரியனா"னு கேட்டதாம். புரொஜெக்டர் இருக்கிறது, வீடியோவும் போட்டுப் பார்த்தார். வகுப்பு முடிந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் நடுவில் வந்த பிஸ்கட் விளம்பரத்தைச் சொல்கிறார்கள். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற அளவில், விரல் வைத்துக் காட்டிக் கதை சொல்கிற மாதிரி, கையால் வரைந்த படங்கள் வேண்டும் என்று ஓவிய டீச்சரான என்னிடம் வந்து நின்றார். நான் தினம் விபூதி பூசுகிறவள், பரவாயில்லையா என்று கேட்டேன். "கைல இருந்தா படத்துல ஒட்டும் டீச்சர், கழுவிட்டு வரைங்க"னு சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

இஞ்ஞாசி சாரை உனக்குத் தெரியாது. உபதேசியார், கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுப்பவர், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார், பஸ் கசக்காத சட்டை அவர் ஒருவருடையதுதான். "வரையறதுக்கு நம்ம ஆளுங்களே இல்லியா சிஸ்டர்"னு அவர் கேட்டிருக்கிறார். "இருக்காங்க சார், அவங்க வரைஞ்சா மறுபடியும் பொமேரியன்தான் வரும்"னு சிஸ்டர் சொன்னாராம். சிஸ்டர் அதோடு நின்றிருக்கலாம். மறைமாவட்டத்தில் இந்த ஆண்டு நல்ல பாடக் கருவிகளைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சடித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் பள்ளிப் படங்களைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க மாட்டீர்கள் என்று வேலூருக்கே போன் செய்து சொல்லிவிட்டார். நான் அப்போது முதல் படத்துக்குப் பென்சில்கூடச் சீவவில்லை. என் பெயரில் வேறொருவர் வாக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கோடை முழுக்க வரைந்தேன். சிஸ்டர் கொடுத்த பைபிளைப் படித்துப் படித்து வரைந்தேன். தென்றல், அதில் எத்தனை மலை! ஏதாவது முக்கியமாக நடக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் மலை ஏறிவிடுகிறார். மோசே ஏறுகிறார். எலியா ஏறுகிறார். இயேசு பேசுவதற்கு ஏறுகிறார், தனியாக இருக்க ஏறுகிறார். எனக்கு இது ஆச்சரியமாகவே படவில்லை. வேறு எங்கே போவார்கள். ஆட்டை ஆடாக வரைந்தேன், அடி அண்ணாமலையில் ரேவதி சித்தி வீட்டுச் செம்மறியைப் பார்த்து, காதில் அந்தக் கிழிசலோடு. பேதுரு முதலான மீனவர்களின் கால்களுக்கு அப்பாவை நிற்க வைத்தேன். வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து வந்த மனுஷன் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, "பேதுருவுக்கு பிபி மாத்திர போடற டைம் ஆச்சு"னு நின்றார். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்து ரொம்ப நாள் ஆகிறது.

வேலூரிலிருந்து மறைக்கல்விப் பொறுப்பாளரான சாமியார் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஹாலில் பெஞ்சு போட்டு எல்லாப் படங்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். இஞ்ஞாசி சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நின்றார். திரும்பி முதல் படத்துக்குப் போனார். மறுபடி கடைசிப் படத்துக்கு வந்தார். "டீச்சர், மோசே ஏறின மலையும் ஏசு பேசின மலையும் ஒண்ணா?" வேறு வேறு சார் என்றேன். "அப்போ ஏன் ஒண்ணா இருக்குது?" பார்த்தேன். இடப்பக்கம் மெல்ல ஏறி, ஒரு தோள், ஒரு சின்னப் பள்ளம், உச்சி, வலப்பக்கம் நீளமாக இறங்கும் சரிவு. சீனாய் மலை. ஒலிவ மலை. தாபோர் மலை. எல்லாம் நம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தெரிகிற அதே மலை. இயேசு ஒளியாகத் தோற்றம் மாறும் தாபோரில் உச்சியில் வெளிச்சம் வேறு போட்டிருக்கிறேன். கார்த்திகை தீபமேதான். நோவாவின் பேழைகூட வெள்ளம் வடிந்து நம் மலை உச்சியில் தட்டி நின்றிருந்தது. சத்தியமாக நான் வரையவில்லை. கை வரைந்திருக்கிறது. மலை என்று நினைத்ததும் கைக்குத் தெரிந்த ஒரே வழியில் அது போயிருக்கிறது. ஒவ்வொன்றாக வரைந்தபோது தெரியவில்லை, வரிசையாக வைத்ததும்தான். சிஸ்டர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இஞ்ஞாசி சார் சிரிக்கவில்லை. "நாளைக்கு சாமி வராரு சிஸ்டர். நீங்க வேலூருக்கு போன் போட்டு என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" சிஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கு அந்த முகம்தான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வேறு மலை வரைய உட்கார்ந்தேன். ஏதாவது ஒரு மலை. முதலில் வந்தது இட்லி. அடுத்தது படுத்திருக்கும் ஒட்டகம். போனில் எவரெஸ்ட் படத்தை வைத்துப் பார்த்து வரைந்தேன், பாதியில் பென்சில் தன்னாலே இறங்கி அந்தத் தோளைப் போட்டுவிட்டது. உன் தம்பி பாலாஜி எட்டிப் பார்த்து, "சூப்பர்மா, எவரெஸ்ட்டுக்கு கீழ ஆட்டோ ஸ்டாண்டு ஒண்ணுதான் பாக்கி"னு சொன்னான். அப்பா, "ஏசுவயே கிரிவலம் கூட்டினு வந்துட்டியே"னு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "யாராவது போட்டோ எடுத்து குரூப்ல போட்டா உன்னயும் கேப்பாங்க, அந்த சிஸ்டரயும் கேப்பாங்க. ரெண்டு பக்கத்துலயும் கேப்பாங்க"னு சொன்னார். அதுவும் உண்மைதான். மறுநாள் காலை சீக்கிரமே போய், என் தவறு என்று சொல்லிவிடுங்கள், பழைய படங்களையே வையுங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். "பொமேரியனையா?"னு ஒரே வார்த்தை. தாபோர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குள் ஓடிவிட்டார்.

வேலூர் சாமியார் நல்ல உயரம். பின்னால் குட்டிப் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம். இஞ்ஞாசி சார் ஜன்னலோரம். சிஸ்டர் கதை சொன்னார். இயேசு மூன்று சீடர்களை மலைமேல் கூட்டிப் போனார், அங்கே அவர் முகம் சூரியனைப்போல ஒளிர்ந்தது, மோசேயும் எலியாவும் வந்து பேசினார்கள், பேதுரு இங்கேயே மூன்று கூடாரம் போடட்டுமா என்று கேட்டார். முடிந்ததும் சாமியார், "இது எந்த மலை, யார் சொல்லுவீங்க?"னு கேட்டார். வகுப்பு முழுக்க ஒரே குரல். "நம்ம மலை சாமி!" இஞ்ஞாசி சார் கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் படத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் எத்தனை வேண்டுதல் எத்தனை சாமிக்குச் செய்தேன் என்று இரண்டு தரப்புக்கும் சொல்ல முடியாது. அவர் குரல் மாறாமல், "சரி, ஏசு ஏன் அவங்கள மேல கூட்டினு போனாரு?"னு கேட்டார். சினேகா என்று ஒரு பெண், இரட்டைச் சடை, எழுந்து, "கீழ ஒரே ஆரன் சத்தம் சாமி. பௌர்ணமின்னா பேசறதே கேக்காது"னு சொன்னாள். "பேதுரு ஏன் கூடாரம் போடலாம்னாரு?" எல்லாக் கையும் மேலே. மேல ஏறிட்டா எறங்க மனசே வராது சாமி, என்றது ஒன்று. கால் வலிச்சிருக்கும் சாமி, என்றது இன்னொன்று. பின்னாலிருந்து ஒரு குரல், "எங்க மாமா கூட பௌர்ணமிக்கு பந்தல் போட்டு மோர் விப்பாரு. பேதுருவும் கட போடலாம்னு பாத்திருப்பாரு." சாமியார் சிரித்த சிரிப்பில் குட்டிப் பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிவிட்டது. "எத்தன ஸ்கூல்ல இந்தக் கேள்விய கேட்டிருக்கேன் சிஸ்டர், ஒரு புள்ள வாயத் தொறந்ததில்ல"னு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஹாலுக்கு வந்து எல்லா மலையையும் பார்த்ததும் முகம் யோசனைக்குப் போனது. "படம் அருமை டீச்சர். இத அப்படியே அச்சடிக்க முடியாதே. வேலூர்ப் புள்ளைக்கு கோட்டைக்கு எதிர்ல நிக்கறதுதான் மலை. ஆம்பூர்ப் புள்ளைக்கு வேற. இது எங்க மலை இல்லியேன்னு கேப்பாங்க." சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தபோது ஜன்னல் பக்கமிருந்து ஒரு செருமல். இஞ்ஞாசி சார். "அப்போ மலைய எடுத்துடுங்க சாமி. ஆளுங்க, ஆடு, மரம் மட்டும் அச்சடிங்க. மலைய அந்தந்த ஊர்ப் புள்ளைங்களே போட்டுக்கட்டும்." எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தார். சாமியார் அவர் தோளில் தட்டி, இதுதான் பாடக் கருவி என்றார். எல்லாப் பள்ளிக்கும் போகிறது தென்றல்! முழுத் தொகுப்பும்! சிஸ்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஹாலிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டார். பிறகு இஞ்ஞாசி சார் என்னைத் தனியாக அழைத்து, "உங்க மேல கோவம் இல்ல டீச்சர். கீழ்பென்னாத்தூர்லேருந்து பாத்தா மலை இப்படி இருக்காது. நீங்க போட்ட தோளு எங்களுக்கு தெரியாது. அதான் மனசு ஒப்பல"னு சொன்னார். அவ்வளவு நாளும் அந்த மனுஷனுக்கு என் விபூதிதான் உறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். அவருக்கும் ஒரு மலை இருந்திருக்கிறது.

இப்போது மலையில்லாமல் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். மோசே ஒன்றுமில்லாததில் ஏறுகிறார். ஒரு பெரிய கூட்டம் ஆகாயத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை கேட்கிறது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் கழித்து வேறு ஏதோவும் வருகிறது. இவர்கள் எல்லோரும் தங்கள் மலை வரும் என்று நம்பி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று சாமியார் காரில் ஏறும்போது ஒன்று கேட்டேன். மலையே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள். "இங்க தோசக்கல்லு மாதிரி இருக்கும்மா, கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு மேடு கெடையாது"னு நீ போன வாரம் சொன்னது ஞாபகம் வந்துதான் கேட்டேன், அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் கதவைப் பிடித்தபடி யோசித்தார். "அவங்களுக்கு யாராவது அனுப்பணும் டீச்சர்"னு சொன்னார்.

அதனால் அனுப்புகிறேன். குழாயில் இருப்பது நோவாவின் பேழை. மலையோடு வரைந்த மற்றப் படங்களைச் சிஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டார், இதை மட்டும் நான் தரவில்லை. உன் ஊர் கடலைவிடத் தாழ்வு என்கிறாய், படிப்பதும் வெள்ளத்தைத் தடுப்பது பற்றி. தண்ணீர் வடிந்தால் வந்து நிற்க ஓரிடம் சுவரில் இருக்கட்டும். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. நோவாவிடமும் யாரும் கேட்டதாகப் பைபிளில் இல்லை. கதவைத் திறந்து முதலில் இறங்குவது ரேவதி சித்தியின் ஆடு, காதைப் பார், தெரியும். ஹீட்டருக்கு மேலே மாட்டாதே, வண்ணம் வெளுத்துவிடும். மழையில் சைக்கிள் விளக்கைப் போடாமல் போகாதே. ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு பிடி சோறு பொங்கிச் சாப்பிடு. அப்பா ஆசீர்வாதம் சொல்கிறார், பேதுருவின் கால்கள் இன்னும் நோகின்றனவாம். பாலாஜி ஆசீர்வாதம் சொல்ல வயது போதாது, ஆனாலும் சொல்கிறான். நீ நினைத்தது நடக்கட்டும், உன் கால் படுகிற இடம் மேடாகட்டும்.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
உன் அம்மா,
சந்திரகலா