உறவினர் எவரும் இல்லை

மோகனூர்,
வெகுதானிய வருஷம், ஆவணி 12.

அண்ணனுக்கு,

பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தது போதும். உங்களைச் சுவாமிகள் என்று எழுத எனக்கு வரவில்லை. நாச்சிமுத்து என்று எழுதினால் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்பீர்கள். அண்ணன் என்றே ஆரம்பிக்கிறேன். இதைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் அது தெரியட்டும்.

இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும். மேட்டூரில் அணை கட்டிய பிறகு ஆடிப் பெருக்கு பழைய வேகத்தில் வருவதில்லை. நான் இதே ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறேன். தங்கை செல்லாயி புருஷனை இழந்து, இரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறாள். அது உங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

உங்களையும் உங்கள் சீடர் இருவரையும் மலாய் நாட்டில் பிடித்து அடைத்துவிட்ட செய்தி தை மாதம் வந்தது. கொண்டுவந்தவள் நம் ஊர் ஆராயி. அவள் மகன் வீரன் நீங்கள் மடம் வைத்திருந்த ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவன். தோட்டத்து ஆட்களிடம் கள்ளைத் தொடாதீர்கள் என்று மூவரும் சொன்னீர்களாம். கள்ளுக்கடை ஈ ஓட்டியதாம். கலகம் செய்கிறார்கள் என்று துரை எழுதிக் கொடுத்துவிட்டானாம். இதைக் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, நன்றாக வேண்டும் என்பதுதான். மறைக்க மாட்டேன்.

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் நீங்கள் காவி கட்டிக்கொண்டு போனீர்கள். திருச்சியில் இண்டர் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு வந்து ஏர் பிடித்தேன். செல்லாயி கல்யாணத்தில் மூத்தவர் எங்கே என்று கேட்ட ஒவ்வொருவர் முன்னாலும் தலை குனிந்து நின்றேன். உங்களுக்கு ஞானம் கிடைத்தது. எனக்கு இது கிடைத்தது.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் கருப்பணசாமிக்குப் பிராது எழுதி, காகிதத்தைச் சுருட்டிக் கோயிலில் கட்டுவார்களே, அதே இடத்தில் நானும் ஒன்று கட்டினேன். எங்களை விட்டுப் போனவரை ஓரிடத்தில் கால் நகராமல் உட்கார வை என்று எழுதியிருந்தேன்.

செல்லாயிக்கு அது தெரியும். ஆராயி சொல்லிவிட்டுப் போனதும் என் முன்னால் வந்து நின்றாள். “நீங்க எழுதுனாப்பலயே சாமி உக்கார வெச்சிருச்சுங்கண்ணா. எந்திரிங்க, போயி அவுத்துட்டு வரலாம்” என்றாள். போனோம். அவிழ்க்க என்ன இருக்கிறது? அந்தக் காகிதம் என்றோ மழையில் கரைந்துபோயிருந்தது. முன்னே எழுதியது வேண்டாம் என்று இன்னொன்று எழுதிக் கட்டச் சொன்னார் பூசாரி சின்னுசாமி. “வாத்தியாருக்கு எழுதச் சொல்லித் தரணுமுங்களா?” என்று கேலி வேறு. எழுதினேன். இரண்டு வரிதான். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அதன் பிறகே மலாய் சர்க்காருக்கு மனு எழுதினேன். இங்கிலீஷில் நானே எழுதி, நாமக்கல் வக்கீல் குழந்தைவேலிடம் காட்டினேன். உறவினர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் மூவரையும் விட்டுக் கப்பலேற்றி அனுப்ப இடமுண்டு என்றார். ஊர் ஊராகக் கையெழுத்துக்கு அலைந்தேன். பண்ணைக்காரர் செங்கோட்டையன் போட மறுத்தார். “சாமியாருக்கு மடமென்ன, ஜெயிலென்ன? ரெண்டு எடத்துலயும் சோறு போடறாங்களே” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதை மறக்க மாட்டேன். ஆராயியிடம் நான் கேட்கவே இல்லை. அவளாக வந்தாள். “எம்பையன் குடிய உட்டுட்டானுங்க. அந்தச் சாமிக்குக் கைநாட்டு வெக்க யோசனை என்னங்க?” என்று விரலை நீட்டினாள்.

வைகாசியில் பதில் வந்தது. கைதியை விசாரித்ததில் தனக்கு உறவினர் எவரும் இல்லை என்று சொல்லிவிட்டதால் மனு தள்ளப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். செல்லாயிக்குப் படித்துக் காட்டவில்லை. கப்பல் தாமதம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

துறவிக்கு உறவில்லை என்பது உங்கள் தர்மம். பொய் சொல்லவில்லை நீங்கள். ஆனால் பூர்வாசிரமம் என்ன என்று அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதிக்கொண்டான். வக்கீல் மறுபடி எழுதிப் போட்டார். அதற்குப் போன வாரம் வந்த பதிலின்படி, ஐப்பசியில் வேறொரு அதிகாரி நேரில் வந்து, தம்பி உண்டா என்று உங்களைக் கேட்கப்போகிறார். அதுதான் கடைசி. உங்கள் சீடர்கள் இருவருக்கும் நாதியில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் பொறுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஒரு சொல்லில் மூன்று பேர் வெளியே வரலாம்.

வந்தால் நம் வீட்டில் தங்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் எங்காவது இருங்கள். நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. செல்லாயியைக் கேட்டேன், அவளுக்கும் வரவில்லை. விடியற்காலையில் நீங்கள் இருமுவது மட்டும் இருவருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஊர் ஈரத்தில் அது அதிகமாயிருக்குமோ என்று அவள் கவலைப்படுகிறாள். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். கருப்பணசாமி துணையிருக்கட்டும்.

கீழே பெயர் எழுதப் போனேன். எழுதவில்லை. உறவில்லை என்றவருக்குத் தம்பி என்று கையொப்பமிட என் மானம் இடம் கொடுக்கவில்லை. பெயரில்லாமலே இன்று தபாலில் சேர்க்கிறேன். இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அந்த அதிகாரி கேட்கும்போது அவரிடம் சொல்லுங்கள்.