ஒரு படி சாமை, ஒரு ஓட்டு

ஓசூர்
9 ஜனவரி 2025

அன்புத் தங்கை பாஞ்சாலைக்கு,

உன் அண்ணன் முனிசாமி எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அருண்ராஜும் சுகம்தானே?

போனில் சொல்லக் கூடாதா என்று முறைக்காதே. போன ஞாயிறு நான் பேச ஆரம்பித்ததும் நீ போட்ட சத்தத்தில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். பாதிச் சேதியிலேயே நீயும் போனை வைத்துவிட்டாய். காகிதத்தை வேண்டுமானால் கிழித்துக்கொள். ஆனால் படித்துவிட்டுக் கிழி.

திருப்பத்தூரில் நடந்த மாவட்டக் கால்பந்து லீக் கடைசி ஆட்டத்துக்கு, நான் புல் வெட்டிக் கோடு போடுகிற இந்த கிளப்பின் கோச்சை அழைத்து வந்தது நான்தான். நம் புதூர்நாடு அணி ஜெயித்ததும், நம்மூர் சின்னக்குழந்தையின் மகன் அஜய் இரண்டு கோல் போட்டதும் உனக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்தியவள் நீ. கோச் என்னிடம், "யாருங்க அந்த அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம்தான் அஜயைக் கேட்டார்.

சேதி இதுதான். அவர்களுக்கு அஜய் வேண்டும். மாநில லீக்கில் ஆடவைப்பார்கள். தங்க இடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டு. பதிலுக்கு நம் வேடியப்பன் கோயில் திடலை மண் தள்ளும் வண்டி கொண்டுவந்து சமன் செய்து, வலை கட்டித் தருவார்கள். கிழக்கே சரிந்து கிடக்கிற அந்தத் திடலில் லீக் ஆட்டம் நடத்த யாரும் அனுமதி தர மாட்டார்கள் என்று உனக்கே தெரியும்.

ஊரைக் கேட்டுச் சொல்.

உன் அண்ணன்,
முனிசாமி

புதூர்நாடு
18 ஜனவரி 2025

அண்ணனுக்கு பாஞ்சாலை வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு வராத அண்ணனும் அண்ணியும் சுகமாக இருந்தால் சரி.

படித்தேன். கிழிக்கவில்லை. அண்ணி கையால் எழுதிய முகவரி மேலே இருந்ததால் விட்டுவைத்தேன்.

கோச்சை நீயே கூட்டிக்கொண்டு வந்தாயா? நம் வீட்டுக் கோழியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் காட்டி, நல்லா முட்டை போடும் என்று சொல்வாயா? இத்தனை வருஷத்தில் இப்போதுதான் மலையை விட்டுக் கீழே இறங்கிப் போய் ஒரு கோப்பையோடு மேலே வந்திருக்கிறோம். அதற்குள் அஜயைக் கேட்கிறார்கள்.

ஊரைக் கேட்கச் சொன்னாய். கேட்காமலே எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அறுவடைக்கு அறுவடை அணிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஒரு படி சாமை கொடுக்கிற வீடெல்லாம் கிளப்பில் பங்குதானே. படிக்கு ஒரு ஓட்டு. அதனால் ஆளாளுக்கு அபிப்பிராயம். ஜீப் ஓட்டுகிற ரங்கன், "உட்டுடுங்க, புள்ள பொழைக்கட்டும்" என்கிறான். முத்தம்மா விடுவதாக இல்லை. "திடல சமமாக்கினா நாம எப்படிய்யா ஜெயிக்கிறது? கீழ இருந்து வர்றவன் நம்ம சரிவுலதான உருண்டு போறான்?" என்று கேட்கிறாள். அதுவும் நியாயம்தான். சின்னக்குழந்தை மட்டும், "ஊரு இன்னா சொல்லுதோ அதான்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைக்கிறார். தன் பிள்ளை போனாலும் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

என் ஓட்டு இதற்குக் கிடையாது. உன் கோச்சிடம் சொல்லிவிடு.

பாஞ்சாலை

ஓசூர்
27 ஜனவரி 2025

பாஞ்சாலை,

கோழிக் கதையை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அஜய் ஒரு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்த் திருப்பத்தூரில் ஆடி, அடுத்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறான். இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கால் தாங்கும்? நாம் கைதட்டுவதற்காக அவன் அங்கேயே கிடக்க வேண்டுமா? இதைக் கோபமாக எழுதவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லித் தெரியக் கூடாது. அருண்ராஜையும் கேளுங்கள், அஜய்க்குப் பந்து தள்ளுவதே அவன்தான் என்று கோச்சிடம் சொல்லிப் பார்த்தேன். "பையன் மெதுவு, வேண்டாம்" என்றார். உன் மகன், என் மருமகன். எனக்கும் வருத்தம்தான்.

முனிசாமி

புதூர்நாடு
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் கூட்டம் நடந்தது. வேடியப்பன் கோயில் முன்னால் சாமை கொடுத்த வீடெல்லாம் வந்து உட்கார்ந்தது. விட்டுவிடலாம் என்கிற பக்கம்தான் ஆள் அதிகம். ரங்கன் போகிற வீட்டிலெல்லாம் சம திடல், புது வலை என்று பேசிக் கரைத்துவிட்டான். ஓட்டுக்கு விட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

அதனால் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். "ஏர் மாட்டுல ஒண்ண மட்டும் சந்தையில வுட்டுட்டு வந்த வூடு நம்ம நாட்டுல எதுனா கீதா? ஒண்ண பிரிச்சா மிச்சம் நிக்கிறது தீனி எடுக்குமா? அஜயும் அருண்ராஜும் ஒண்ணா வளந்த ஜோடி. கொடுத்தா ஜோடியா கொடு. இல்லன்னா ரெண்டும் இங்கியே நிக்கட்டும்."

அதற்கு எதிர்ப் பேச்சு பேச இந்த மலையில் யாருக்கு வாய் வரும்? பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ஜோடியாகத்தான் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது.

உன் கோச்சுக்கு என் பிள்ளை வேண்டாம். அப்படியானால் அஜயும் கிடையாது. அவர் வாயாலேயே அவருக்கு இல்லையென்று ஆகிவிட்டது. இதை நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. அதற்காக நன்றி.

இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது. உலுக்கியதும் அனுப்புகிறேன்.

உன் தங்கை,
பாஞ்சாலை

ஓசூர்
19 பிப்ரவரி 2025

பாஞ்சாலை,

ஊர் முடிவை கோச்சிடம் சொன்னேன். சிரித்தார். "ரெண்டு பேரும் வரட்டும்ங்க, ஹாஸ்டல்ல கட்டில் சும்மாதான் கிடக்கு" என்றார்.

மாசி முடிவதற்குள் ஆள் வரும். மண் தள்ளும் வண்டியும் வரும்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முனிசாமி

புதூர்நாடு
16 மார்ச் 2025

அண்ணா,

பிள்ளைகள் ரங்கன் ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார்கள். இந்நேரம் உன் கண்ணில் பட்டிருப்பார்கள்.

நான் கூட்டத்தில் பேசியதை அப்புறம் மாற்ற முடியவில்லை. மாற்றினால் ஜோடியைப் பிரித்தவள் நான் என்று ஆகிவிடும். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அணிக்காகப் பெற்ற பிள்ளையையே கொடுத்தாளாம். திடலில் எனக்கு மாலை போட்டார்கள். முத்தம்மா அழுதாள். நான் அந்த மாலையோடு நின்றேன். கெட்டிக்காரத்தனம் செய்யப் போய் மாட்டிக்கொண்டவள் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு மட்டும் என்பதால்தான் எழுதவும் செய்கிறேன்.

அருண்ராஜிடம், "நீ வேணாம்னு சொன்னா இங்கியே இருடா" என்று சொல்லிப் பார்த்தேன். ஷூவைத் துடைத்து முன்னாலேயே பையில் வைத்திருந்தான். "யம்மா, நீதான ஜோடியா அனுப்பணும்னு சொன்ன?" என்றான். ஆமாம் என்றேன்.

திடலைச் சமன் செய்துவிட்டார்கள். பார்க்க யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடத் துப்புரவு செய்த இடம் போல இருக்கிறது. புளி உலுக்க வீட்டில் ஆள் இல்லை. கூலிக்கு விட்டிருக்கிறேன்.

அவனுக்கு ரசத்தில் பூண்டு ஆகாது. ஹாஸ்டலில் சொல்லிவை.

பாஞ்சாலை

ஓசூர்
29 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. புளி மட்டும் வந்தது. மூட்டைக்குள் கடிதம் இருக்கிறதா என்று உன் அண்ணி தேடிப் பார்த்தாள்.

பிள்ளைகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். வந்த புதிதில் அருண்ராஜைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நம் சரிவுக்குத் தள்ளிப் பழகிய கால். இங்கே தட்டையான புல்லில் அவன் தள்ளுகிற பந்து பாதியிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் போன பிறகு, நான் கோடு போடுகிற நேரத்தில் தனியாக நின்று தள்ளிக்கொண்டே இருந்தான். இப்போது கோச் என்னிடம், "முனிசாமி, இவனைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்கிறார். மெதுவு என்று சொன்ன அதே வாய்தான்.

அஜய்க்கு இந்த ஊர் ஒட்டவில்லை. சோறு இறங்கவில்லை, இளைத்துப்போனான். பயிற்சியில் இரண்டு பேரையும் எதிரெதிர் பக்கம் நிறுத்தினால் அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். "மாமா, நான் வூட்டுக்குப் போய்ட்றேன்" என்று நேற்று என்னிடம் அழுதான். நான்தான் கோச்சிடம் பேசினேன். நல்ல மனுஷர். அவனை விடுவித்து அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

உன் நட்சத்திரம் உன்னிடமே வருகிறான். சந்தோஷம்தானே?

முனிசாமி

புதூர்நாடு
8 ஜூலை 2025

அண்ணா,

கொடுத்தது ஜோடியாக. திரும்பி வருவதும் ஜோடியாக வரட்டும். ஊர் முடிவு அப்படித்தான். அருண்ராஜிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

பாஞ்சாலை

ஓசூர்
17 ஜூலை 2025

பாஞ்சாலை,

படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஷூ கயிற்றையே அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "மாமா, நான் மாடு இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

திரும்பவும் கூப்பிட்டான் என்னை. "கோவமா சொன்னன்னு சொல்லாத" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதை நானும் பார்த்தேன்.

நீயே நேரில் வந்து கூப்பிட்டால் வந்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் கூப்பிடாதே என்று கேட்கிறேன். இதற்காக நீ என்னோடு பேசாமலே போனாலும் போ.

உன் அண்ணன்,
முனிசாமி

புதூர்நாடு
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பாஞ்சாலை எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாதது கோபத்தால்தான். வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓசூருக்குப் புறப்பட்டு இரண்டு தடவை ரங்கன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை திருப்பத்தூர் வரைக்கும் கூட வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அதே ஜீப்பில் திரும்பினேன். ரங்கன் வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக்கூட வாய் அடங்குகிற நாள் உண்டு.

அஜய் வந்த நாள் மேளம் வைத்தோம். அவன் அம்மா கறி ஆக்கிப் போட்டாள், மூன்று தட்டு சாப்பிட்டான். சின்னக்குழந்தை, ஊர் சொன்னால் சரி என்று பீடி குடித்துக்கொண்டிருந்த அந்த மனுஷர், கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரைப் போய் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேனே.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, அண்ணா. அஜய் நம் அணியில் இருக்கிறான். போன வாரம் ஆட்டம். சமமான திடல், புது வலை, கீழிருந்து வந்தவர்கள் யாரும் உருளவில்லை. தோற்றோம். அஜய் நன்றாகத்தான் ஓடினான். ஆனால் பந்து வந்ததும் திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் தள்ளுகிறான். அங்கே யாரும் இல்லை. பந்து தானாகப் போய்க் கோட்டைத் தாண்டி முத்தம்மா காலடியில் நிற்கிறது. முதல் தடவை கூட்டம் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யார் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அருண்ராஜைக் கூப்பிட மாட்டேன். அவன் மாடு இல்லை என்று எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல். தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தான். நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. தோள் அகன்றுவிட்டான். பூண்டு ரசம் குடிக்கிறான்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத உட்கார்ந்தேன். முழுதும் போகவில்லை. போனபின் போனில் சொல்கிறேன்.

இந்த வருஷச் சாமை வந்துவிட்டது. நம் அணிக்கு ஒரு படி கொடுத்தாயிற்று. இன்னொரு படி புடைத்து, கல் பொறுக்கி, துணிப் பையில் கட்டி இத்துடன் ரங்கனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது உனக்கும் அண்ணிக்கும் இல்லை. உங்கள் கிளப்பில் கொண்டுபோய்க் கொடு. பிள்ளைகளுக்கு ஒரு வேளையாவது சோறாக்கிப் போடச் சொல். சாமை கொடுத்த வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று கோச்சிடம் விவரமாகச் சொல்லிவிடு. நாளைக்கு வேறு எந்த ஊர் கிளப்பாவது வந்து அருண்ராஜைக் கேட்டால், புதூர்நாட்டில் ஒரு ஓட்டு இருக்கிறது, அதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உன் தங்கை,
பாஞ்சாலை