பங்களாக் குழாயில் காரீயம்

1944 மாசி, வெள்ளி.

தோட்டத்துக் குடியிருப்பான எங்கள் லயமே மரவள்ளியை நம்பித்தான் இருக்கிறது. அதைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது. வீட்டுக்காரர் ஒளித்து வைத்திருக்கும் துப்பாக்கிக்கு மருந்து உண்டு, குண்டுதான் இல்லை.

இன்று, ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில், குளியலறைச் சுவரோரம் ஒரு வளைந்த குழாய் கழன்று கிடந்ததைப் பார்த்தேன்.

"இரும்பு, விடு" என்றார் அவர்.

நகத்தால் கீறினேன். கோடு வெள்ளியாய் மின்னியது. கல்லில் தட்டினேன், கணீரென்று ஒலிக்கவில்லை, தொப்பென்றது. சுண்ணாம்புச் சுவரில் தேய்த்தேன், கறுப்பாய் இழுத்தது.

"காரீயங்க!" என்று கத்திவிட்டேன்.

சிரட்டைக் கரியில் உருக்கி, காய்ந்த களிமண் அச்சில் குண்டாக வார்த்தோம். பொழுது சாயும்போது ஒரே வெடியில் பன்றி விழுந்தது.

வெடிச்சத்தம் லுக்குட் முகாம் வரை கேட்டிருந்தால், ஜப்பான்காரன்... அதை இப்போது நினைக்க மாட்டேன். சின்னவள் இன்னும் கொஞ்சம் கறி கேட்டாள். போட்டேன்.