வெர்னா கேட்பதற்கு முன்பே

ஹேகன், வட டகோட்டா
அக்டோபர் 14

அன்புள்ள மேரிட்டுக்கு,

நலம். இந்த முறை அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் தேசியத் தேர்வு முடிந்த மறுநாள் கையில் கிடைக்கும்படி பார்த்துத் தபாலில் போடுகிறேன். திட்டுவதானால் சாவகாசமாகத் திட்டு.

போன செவ்வாயன்று எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. உன்னிடம் மறைத்துவிட்டேன். நர்ஸ் படிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருஷம், பிறகு மினியாபொலிஸில் மயக்க மருந்து கொடுக்கப் படிக்கும் இந்த மூன்று வருஷம். லைசென்ஸுக்கு ஒரு தேர்வுதான் பாக்கி என்னும்போது என் வயிற்றுவலி உன்னைத் திருப்பி இழுப்பதா? சிக்னெயையும் மிரட்டி வைத்தேன். ஆறு வயதுக்கு நம் மகள் நன்றாகவே பொய் சொல்கிறாள்.

மயக்கம் கொடுக்க வந்தது வெர்னாதான். இந்த ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக அவர் ஒருவர்தானே. அவர் வாயைத் திறக்கும் முன்பே, கடைசியாகச் சாப்பிட்டது நேற்று மாலை ஆறு மணி, ஆடும் பல் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்று ஒப்பித்தேன். ஞாயிறுதோறும் போனில் என்னை நோயாளியாக்கி நீ கேட்ட கேள்விகள்! "டேய் ஆர்லன், பரீட்சை உனக்கா அவளுக்கா?" என்று வெர்னா சிரித்தார்.

பிறகு, "நல்ல இடமா ஒண்ணு நெனச்சுக்கோ, அங்கயே போயிடலாம்" என்றார். நம் அடுப்படியை நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே சூரியகாந்தி, உள்ளேயும் அதே மஞ்சள் வெளிச்சம். எனக்கு முதுகு காட்டி நீ காபி போடுகிறாய். தரை மெல்ல மிதக்கிறது, சுவர்கள் நகர்ந்து வழிவிடுகின்றன. நீ என் பக்கம் திரும்பப் போகிறாய் என்று தெரிந்தது. அதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வெர்னா அருகில் இருந்தார். "தூங்க வைக்கிறது பாதி வேலைதான். முழிக்கிறப்போ பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றார். வசந்தத்தில் அவர் ஓய்வு பெறுகிறார். வேறு ஆள் வராவிட்டால் அறுவை அறையை மூடிவிடுவார்கள். உன்னை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டிருப்பதும் எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

தேர்வில் நீ ஜெயித்திருப்பாய். எங்கே இருந்தாலும் உன் கையில் தூங்குகிறவர்கள் எல்லோரும் சுகமாகக் கண் விழிக்கட்டும். உன்னை வா என்று கூப்பிடக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் அன்று மயக்கம் தெளியும்போது, "மேரிட் வந்துட்டாளா?" என்று மூன்று தடவை கேட்டேனாம். இரண்டு தடவை வெர்னா, "வந்துடுவா" என்றாராம். மூன்றாவது தடவை, "அதை நீயே அவளுக்கு எழுதிக் கேளு" என்றாராம்.

உன்,
ஆர்லன்