மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. மூட்டு வலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே இருவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் நாவல் கடைக்கு வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன், படித்ததிலிருந்து தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தையல் கடை வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டு நீ கிளம்பிய அந்த ஒரே சாயங்காலத்தை அப்பா ஒரு விதமாகச் சொல்கிறார், தங்கை ஒரு விதமாகச் சொல்கிறாள், நீ ஒரு விதமாகச் சொல்கிறாய். அப்பா அத்தியாயத்தில் கதவை அறைந்து சாத்தியது நீ, உன் அத்தியாயத்தில் சாத்தியது அப்பா. அன்று அதே வீட்டில் இருந்த எனக்கே எது நிஜம் என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எங்கடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், இவன் பார்த்தானாமா" என்றார். ஆனால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

அதுகூடப் போகட்டும். மூன்றாம் அத்தியாயத்துக்கு ‘அம்மா’ என்று தலைப்பு, கீழே இரண்டு பக்கம் வெறும் வெள்ளை. அச்சில் விட்டுப்போயிற்று என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், அவர் பாவம், இருந்த பிரதியையெல்லாம் பிரித்துக் காட்டி, "எல்லாமே இப்படித்தாம்மா வந்திருக்கு" என்றார். அசடு வழிய வீடு திரும்பினேன். தங்கை ஃபோனில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், "அது ஒரு உத்திம்மா, நீ அன்னைக்கு வாயே திறக்கலைல்ல, அதைத்தான் அப்படிக் காட்டியிருக்கான்" என்கிறாள். வாயைத் திறக்காதவள் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு வந்தது கோபமா வருத்தமா என்றுகூடத் தெரியவில்லை, போ.

உன் அத்தியாயம் ‘பின்னால் யாரும் வரவில்லை’ என்று முடிகிறது. நான் வந்தேன்டா. பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு, செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தம் வரை வந்து மருந்துக்கடை ஓரமாக நின்றேன். கூப்பிட்டிருந்தால் நீ திரும்பியிருப்பாய், திரும்பியிருந்தால் தையல் கடையிலேயே உட்கார்ந்திருப்பாய். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் மறையும்வரை நின்றேன். மறுபதிப்பு வந்தால் இதை அங்கே எழுதச் சொல்வதா, வெள்ளையாகவே விடச் சொல்வதா, எனக்குத் தெரியவில்லை, அது உன் தொழில். ஆனால் யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

குறையொன்றும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். அப்பாவிடம் ஒருநாள் பேசு, காத்திருக்கிறேன் என்று அவராகச் சொல்லமாட்டார்.

அன்று உன் பின்னால் வந்த,
அம்மா