கூடுதலாக விழும் ஆமென்

அன்பு மாறாத அப்பாவுக்கு,

உங்களை மலையாளத்தில் அடக்கம் செய்தார்கள். அது அநியாயம். ஆரியங்கோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அன்றே எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். தம்பியும் சபையாரும் படிக்கட்டும் என்றுதான் இன்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

உங்களுக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. பாறசாலைச் சந்தையில் அதில் விலை பேசியிருக்கிறீர்கள், சண்டையும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஜெபம் தமிழில்தான். மலையாள ஜெபத்துக்குத் தலை குனிவீர்கள், கண் மூடுவீர்கள், ஆமென் மட்டும் சொல்ல மாட்டீர்கள். புதிய போதகருக்குத் தமிழ் வராது என்றதும் தம்பி சரி என்றுவிட்டான்.

"தெய்வத்துக்கு எல்லா பாஷையும் அறியும் அண்ணா."

"தெய்வத்துக்கு அறியும்லே. அப்பாட்ட கேட்டியா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு மாலை, வீட்டில் நானும் உங்கள் மருமகளும் வழக்கம்போல் தமிழில் ஜெபித்தோம். முடிவில் இருவரும் ஆமென் சொன்னோம். மூன்றாவதாக ஒன்று குளத்துப் பக்கமிருந்து வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு, கொஞ்சம் தாமதித்து, நீங்கள் சொல்வது போலவே. பிறகு ஒவ்வொரு முறையும் வந்தது. கடைசியில் கேட்டது குளத்திலிருந்து அல்ல, அடுக்களை வாசலிலிருந்து.

"இனி மலையாளத்துல ஜெபிச்சா போரும். மாமா அதுக்குப் பதில் சொல்ல மாட்டாரு," என்றாள் அவள். ஆகவே நம் வீட்டிலும் இப்போது மலையாள ஜெபம்தான் அப்பா, நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதற்காக. என் கூரைக்குக் கீழே!

தம்பி நம்பவில்லை. "தவளையாக்கும்," என்றான். பட்டப்பகலில் உங்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனான். பேரப்பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்து ஜெபிப்பீர்களே, ஆமென் வரும்வரை தக்கை முங்கினாலும் இழுக்கக் கூடாது என்று? வரால் இரையைத் தின்றுவிட்டு ஓடினால், "அவனும் நம்மள மாதிரி வேதக்காரனாக்கும் மக்களே, பசிச்சு வந்தான், தின்னுட்டுப் போட்டும்," என்பீர்களே? அந்த ஜெபத்தைத் தம்பி விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தானாம். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"எங்கலே தூண்டில்?"

"அங்க உண்டு."

"போய் எடுத்துட்டு வா."

"எப்படி எடுக்க? அப்பா பிடிச்சிட்டு இருக்காரு அண்ணா."

அதற்குப் பிறகு அவன் தவளையைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா, முறையாக வழியனுப்பாததால் நீங்கள் புறப்படவே இல்லையா? எங்களோடு உட்காரத்தான் வருகிறீர்களா? எனக்குச் சண்டை போடத் தெரியும். வாசலில் வந்து நிற்கும் சொந்த அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அடக்க ஜெபம் கல்லறையில் மறுபடியும் தமிழில் நடக்க வேண்டும். களியக்காவிளை எல்லைக்கு அப்புறமிருந்து தமிழ் வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துவரப் போதகர் சம்மதிக்க வேண்டும். தம்பி மண் போட வேண்டும், சிரிக்காமல். வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகள் போனிலாவது கூடவே ஜெபிக்க வேண்டும். உங்கள் மருமகள் பயப்படாமல் என் பக்கத்தில் நிற்க வேண்டும். யாருமே முன்வராவிட்டால், பள்ளிக்கூடம் போகாமல் நானே கற்ற தமிழில் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அன்று உரக்க ஆமென் சொல்லுங்கள். மறு ஞாயிறு நாங்கள் வீட்டில் தமிழில் ஜெபிக்கும்போது, சொல்லாதீர்கள்.

இதைக் கேட்கத் துணிந்த,
உங்கள் மூத்த மகன்